சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சிறிய இன நாய்க்குட்டி: எதைத் தேர்வது, எங்கே தேடுவது?

மாடிவீடு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 7 வயது மகனும் 3 வயது மகளும் இருக்கிறார்கள். நானும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். மாமியார் எங்களுடனேயே இருப்பதால் வீடு பூட்டிக் கிடப்பதில்லை. நாய் வேண்டும் என்று மகன் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டாம் மாடியில் முற்றமில்லாத வீடு என்பதால் சிறிய இனம் என்பது வரை முடிவாகிவிட்டது. அதற்கு மேல் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம்.

நேற்று இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "டீக்கப் பொமரேனியன், 6 வாரம், உள்ளங்கையில் அடங்கும், முன்பணம் அனுப்பினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்" என்று இருந்தது. மகள் அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை. சிறு குழந்தைகளுக்கு மிகச் சிறிய நாய்தான் பாதுகாப்பு என்று எனக்கும் தோன்றுகிறது. இதில் நான் பார்க்கத் தவறியது ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈரமூக்கு:

ஐயா, உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். மிகச் சிறிய நாயால் குழந்தைக்கு ஆபத்து குறைவு என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் குழந்தையால் நாய்க்கு வரும் ஆபத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

என் மகனுக்கு அப்போது 4 வயது. நாங்கள் வாங்கிய சிவாவாக் குட்டியின் எடை ஒரு கிலோகூட இல்லை. மகன் சோபாவில் அமர்ந்து அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். நான் இரண்டடி தள்ளி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். குட்டி துள்ளிக் கீழே குதித்தது, அவ்வளவுதான். ஒரு சிறு கீச்சொலி கேட்டது. திரும்பிப் பார்த்தபோது வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது. முன்கையின் இரண்டு எலும்புகளும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருந்தன. மிகச் சிறிய இனங்களுக்கு அந்த இடத்தில் எலும்பு பென்சிலைவிட மெல்லியது என்றும், இரத்த ஓட்டமும் குறைவு என்பதால் கூடுவதற்கு நாளாகும் என்றும் மருத்துவர் விளக்கினார். தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. மகன் யாரையும் அடிக்கவில்லை, எதையும் போட்டு உடைக்கவில்லை. ஆனாலும் பல மாதங்கள் அந்த நாயின் அருகில் போகவே பயந்தான்.

ஆகவே 3 வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு, சிறிய இனங்களிலேயே சற்றுக் கட்டான உடல் உள்ளதைப் பாருங்கள் என்பதே என் கருத்து. வளர்ந்த சிவாவா ஏறக்குறைய 3 கிலோவுக்குள் அடங்கிவிடும். பொமரேனியனும் யார்க்ஷயர் டெரியரும் பெரும்பாலும் அதே அளவுதான். ஷிட்ஸு 4 முதல் 7 கிலோ வரையிலும், கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் 6 முதல் 8 கிலோ வரையிலும் வளரும். இரண்டாம் மாடிக்கு 7 கிலோவும் சிறியதுதான், தூக்கிக்கொண்டு படியேறிவிடலாம். குழந்தையின் கால் தடுக்கும் இடத்தில் அந்த 4 கிலோ வித்தியாசம் மிகப் பெரியது.

ஓய்வில்_மருத்துவர்:

நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுமே எச்சரிக்கையாகத்தான் எனக்குப் படுகிறது.

"டீக்கப்" என்று ஓர் இனம் கிடையாது. எந்த அங்கீகரிக்கப்பட்ட அமைப்பும் அப்படி ஓர் அளவை ஏற்பதில்லை. ஒரே ஈற்றில் பிறந்தவற்றுள் நோஞ்சானாகத் தங்கிவிட்ட குட்டியை அந்தப் பெயரில் விற்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட குட்டிகளையே இணைசேர்த்து இன்னும் சிறியவற்றைப் பெறுபவர்களும் உண்டு. ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று சொல்லிச் சிறியதாகக் காட்டுபவர்களும் உண்டு. உச்சிக்குழி மூடாமல் இருப்பது, கல்லீரலைத் தாண்டி இரத்தம் ஓடும் பிறவிக் குறைபாடு, மூளையில் நீர் கோத்தல் ஆகியவற்றை இவ்வகைக் குட்டிகளில் நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட அடிக்கடி பார்த்தது இரத்தச் சர்க்கரை தாழ்வு. உடலில் சேமிப்பே இல்லாத அந்தச் சிறு உயிர் ஒரு வேளை உண்ணத் தவறினால் தள்ளாடும், நடுங்கும், துவண்டு விழும். ஈறில் சிறிது சர்க்கரைக் கரைசலைத் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நள்ளிரவில் இப்படி ஓடி வந்த பெற்றோர்களில் பலர், "நன்றாகத்தானே விளையாடிக்கொண்டிருந்தது" என்றுதான் சொன்னார்கள்.

அடுத்தது "6 வாரம்". குட்டி தாயுடனும் உடன்பிறப்புகளுடனும் குறைந்தது 8 வாரம் இருக்க வேண்டும்; மிகச் சிறிய இனங்களில் 10 முதல் 12 வாரம் வரை வைத்திருந்து கொடுப்பவரே பொறுப்பானவர். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை உடன்பிறப்புகளிடம்தான் குட்டி கற்கிறது. ஒன்று கீச்சிட்டு விளையாட்டை நிறுத்தும்போது மற்றது பிடியைத் தளர்த்தப் பழகுகிறது. அந்தப் பாடம் கிடைக்காத குட்டி உங்கள் மகளின் விரலில்தான் அதைக் கற்றுக்கொள்ளும்.

தடுப்பூசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் "எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது" என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி ஆகிய தொற்றுநோய்களுக்கான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டியது. தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்புப் பொருள்கள் குட்டியின் உடலில் இருக்கும்வரை அவை ஊசியின் வேலையையும் தடுத்துவிடும். அவை எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். எட்டு வாரக் குட்டிக்கு எல்லா ஊசியும் முடிந்திருக்க வழியே இல்லை. வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக 12 வாரத்துக்குப் பிறகுதான்.

குடற்புழு நீக்கமும் அப்படியே. உருண்டைப் புழு தாயின் கருப்பையிலிருந்தும் பாலிலிருந்தும் வருவதால் 2 வார வயதிலிருந்தே, இரு வாரத்துக்கு ஒருமுறை மருந்து தர வேண்டும். மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கும் இப்புழு தொற்றும். அரிதாகக் கண்ணையும் பாதிக்கும். தேதிகள் எழுதிய அட்டையும் மருத்துவரின் கையொப்பமும் இல்லாமல் குட்டியை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கறுப்புவால்:

குழந்தைகளுக்குத் தட்டை முகம் கொண்ட பக் இனம்தான் ஏற்றது என்று நினைக்கிறேன். எங்கள் பக் 9 ஆண்டுகளாக மூன்று பிள்ளைகளின் தொல்லையையும் பொறுத்துக்கொண்டிருக்கிறது. கட்டான உடல், குலைக்காத சுபாவம், சாப்பாடு கிடைத்தால் உலகமே மறந்துவிடும். குறட்டைதான் அதிகம்; அதுவும் எங்களுக்குத் தாலாட்டுப் போல ஆகிவிட்டது.

ஈரமூக்கு:

சுபாவத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் குறட்டை தாலாட்டு அன்று. போதுமான காற்று உள்ளே போகாததன் ஒலி அது. முகம் தட்டையாக்கப்பட்டபோது எலும்புதான் குறுகியதே தவிர, உள்ளிருக்கும் மென்தசை குறையவில்லை. மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு மூச்சுப்பாதையை அடைக்கிறது, நாசித்துளைகள் கீற்றாகச் சுருங்குகின்றன. நாய்க்கு மூச்சிரைப்பதுதான் உடலைக் குளிர்விக்கும் வழி என்பதால் வெப்பமான நாளில் இந்த நாய்கள் எளிதில் வீழ்கின்றன. ஓடி விளையாட நினைக்கும் 7 வயதுப் பையனுக்கு, ஐந்து நிமிடத்தில் நாக்கு நீலம் பாரிக்கும் தோழன் வேண்டுமா?

கறுப்புவால்:

சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டீர்கள், ஆனால் மறுப்பதற்கில்லை. எங்கள் நாய்க்கு 4 வயதில் நாசித்துளையை விரிவாக்கும் அறுவை சிகிச்சை நடந்தது என்பதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். பக்கை விரும்பியே தீருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் 2019இல் மூச்சுச் செயல்திறனைத் தரப்படுத்தும் ஒரு முறையைத் தொடங்கின. நாயை மூன்று நிமிடம் வேகநடை நடக்கவிட்டு, முன்னும் பின்னும் மூச்சொலியைக் கேட்டு 0 முதல் 3 வரை தரம் இடுகிறார்கள். அச்சோதனை உங்கள் பகுதியில் இல்லாவிட்டாலும், தாய் நாயைச் சில நிமிடம் நடத்திக்காட்டச் சொல்லி நீங்களே காதுகொடுத்துக் கேட்கலாம். நான் அதைச் செய்யவில்லை.

வெண்பஞ்சு:

ஷிட்ஸு வளர்ப்பவள் என்ற முறையில் முடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "முடி உதிராத இனம்" என்று கேட்டுத்தான் நாங்களும் வாங்கினோம். உதிர்வது குறைவு என்பது உண்மை. உதிராத முடி எங்கே போகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. அது அங்கேயே நின்று சிக்காகிறது. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் இரண்டு நாள் சீப்பு படாவிட்டால் கம்பளி போலத் திரண்டு, தோலை இழுத்துப் புண்ணாக்கிவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை முழுதாகக் கத்தரித்துவிட்ட பிறகுதான் எனக்கும் அதற்கும் நிம்மதி. மால்டீஸ், பூடில், யார்க்ஷயர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மேலும், ஒவ்வாமையே வராத நாய் என்று எதுவும் இல்லை. ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருப்பதால், வீட்டில் யாருக்கேனும் மூச்சிழுப்பு உண்டென்றால் அதே இன நாய் உள்ள வீட்டில் சில மணி நேரம் இருந்து பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

கேவலியரின் குணம் தங்கம்; அதன் இதயம்தான் அப்படியில்லை. இதயத்தின் இடப்பக்க ஈரிதழ் வால்வு தேய்வது அந்த இனத்தில் மிகப் பரவலான நோய். பெற்றோர் இரண்டரை வயதைக் கடந்து, இதயப் பரிசோதனையில் தேறிய பின்னரே இணைசேர்த்தார்களா என்று கேளுங்கள். "எங்கள் நாய்களுக்கு அதெல்லாம் வராது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓய்வில்_மருத்துவர்:

அம்மையார் சொன்னது சரி. இதே கேள்வியை மற்ற இனங்களுக்கும் மாற்றிக் கேட்க வேண்டும். பொமரேனியன், சிவாவா, யார்க்ஷயர் என்றால் பின்னங்காலின் முழங்கால் சில்லு இடம் விலகுகிறதா என்று பெற்றோரைச் சோதித்தார்களா எனக் கேளுங்கள்; மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய எளிய சோதனை அது. நடக்கும்போது நான்கைந்து எட்டுக்கு ஒருமுறை பின்னங்காலைத் தூக்கி ஒரு துள்ளு துள்ளும் தாயைக் கண்டால் "செல்லமாகக் குதிக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்பின் வட்டு விலகும் சிக்கல் உண்டு; மாடிப்படியும் கட்டிலும் அதற்குப் பகை என்பதால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

சிறிய உடலே இயற்கை என்று எண்ணிவிடவும் வேண்டாம். பொமரேனியனின் முன்னோர் வடபுலத்தில் பனிச்சறுக்கு வண்டி இழுத்த ஸ்பிட்ஸ் வகை நாய்கள். விக்டோரியா அரசி 1888இல் ஃபுளோரன்சிலிருந்து கொண்டுவந்த பொமரேனியன் ஏறக்குறைய 5 கிலோ இருந்தது; அதுவே அக்காலத்துக்குச் சிறியது. அதைப் பார்த்துத்தான் சிறியவற்றின் மீது மோகம் பெருகியது.

நிழல்தேடி:

எதைத் தேர்வது என்று நிறையப் பேசிவிட்டோம். எங்கே தேடுவது என்ற பாதிக் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. என்னைக் கேட்டால் தேடலின் முழுப் பொருளும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: தாய். குட்டி பிறந்த இடத்துக்கே போய், தாயுடன் அது இருக்கும் நிலையில் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த லூசி சட்டம் இதைத்தான் செய்தது. 6 மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் இடைத்தரகரோ கடையோ விற்கக் கூடாது. வளர்ப்பவரிடம் நேராகவோ காப்பகத்திலோதான் பெற வேண்டும். லூசி என்பது வணிகப் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட கேவலியர் பெண் நாய்; ஓயாமல் ஈனவைக்கப்பட்டதால் அதன் இடுப்பு ஒட்டிப்போயிருந்தது. அப்படியொரு சட்டம் இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்தை நாமே நமக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தாயைப் பார்க்கப் போனால் எதைப் பார்ப்பது? அது உண்மையில் தாய்தானா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குட்டிகளுக்கு 8 வாரம் என்றால் தாயின் காம்புகள் இன்னும் முழுதாக வற்றியிருக்காது. பால் குடித்த சுவடே இல்லாத நாயைக் கொண்டுவந்து நிறுத்தித் தாய் என்று சொன்ன ஓரிடத்திலிருந்து நான் திரும்பி வந்திருக்கிறேன். அடுத்து, அந்நியரான உங்களைக் கண்டு அது என்ன செய்கிறது என்பது. சில நொடி குலைத்துவிட்டு முகர வந்தால் நல்லது; மேசைக்கடியில் ஒடுங்கி நடுங்கினால், அந்த அச்சத்தில் ஒரு பங்கு குட்டிகளுக்கும் வந்திருக்கும். ஒரே வீட்டில் நான்கைந்து இனக் குட்டிகள் எப்போதும் விற்பனைக்கு இருந்தால் அது வீடு அன்று, கிடங்கு.

நல்ல வளர்ப்பவர் உங்களைக் கேள்வி கேட்பார். குழந்தைகளுக்கு என்ன வயது, பகலில் யார் இருப்பார்கள், ஒருவேளை வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் துருவுவார். நேர்முகத் தேர்வுக்குப் போனதுபோல் இருக்கும், எரிச்சலும் வரும். எதுவுமே கேட்காமல் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் அனுப்புபவர்தான் ஆபத்தானவர். நீங்கள் சொன்ன விளம்பரத்தின் படத்தை இணையத்தில் படத்தேடலில் இட்டுப் பாருங்கள்; அதே குட்டி வேறு பெயரில் வேறு இடங்களிலும் கிடைக்கக்கூடும்.

மாடிவீடு:

நிழல்தேடி அவர்கள் சொன்னபடியே செய்தேன். அந்தக் குட்டியின் படம் மூன்று விளம்பரங்களில், மூன்று வெவ்வேறு வயதுகளோடு இருந்தது. மகளிடம் "அந்தக் குட்டிக்கு வேறு வீடு கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிட்டேன்.

இந்த இரு வாரங்களில் இரண்டு இடங்களுக்குப் போனோம். முதலாமவர் வீட்டுக்கு வரவேண்டாம், வழியில் சந்திக்கலாம் என்றார். போன இடத்தில் வண்டியின் பின்புறம் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் மூன்று ஷிட்ஸுக் குட்டிகள். ஒன்றின் கண்களில் பீளை ஒட்டியிருந்தது. தாய் எங்கே என்றேன், "வேறு ஊரில்" என்றார். மகன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்பா, இதையாவது காப்பாற்றலாம்" என்றான். திரும்பி நடந்தது உண்மையிலேயே கடினமாக இருந்தது.

இரண்டாமவர் வீட்டில் ஒரே ஓர் ஈற்றின் ஷிட்ஸுக் குட்டிகள், நான்கு, 7 வாரம். தாய் முதலில் எங்களுக்கும் குட்டிகளுக்கும் நடுவே வந்து நின்றது. பிறகு என் மாமியாரின் கால்விரலை முகர்ந்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. பெற்றோரின் கண், முழங்கால் பரிசோதனைத் தாள்களைக் கேட்காமலே எடுத்துக் காட்டினார்கள். ஆண்குட்டி ஒன்று நேராக ஓடிவந்து மகளின் கால்சட்டை ஓரத்தைக் கவ்வி இழுத்தது. பெண்குட்டி ஒன்று சற்றுத் தள்ளி அமர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்து, ஐந்தாறு நிமிடம் கழித்து மெல்ல வந்து மகனின் உள்ளங்கையில் மோவாயை வைத்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு கட்சி. எதை எடுப்பது?

ஈரமூக்கு:

அந்தப் பெட்டிக் குட்டியை வாங்காமல் வந்ததற்காக வருந்தாதீர்கள். ஒன்றை வாங்கினால், அந்தத் தாயை அடுத்த ஈற்றுக்கும் அனுப்பக் கூலி கொடுத்ததாகவே ஆகும்.

உங்கள் கேள்விக்கு என் வாக்கு பெண்குட்டிக்கு. முதலில் ஓடிவரும் குட்டி நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக எல்லோரும் மகிழ்வார்கள். அது யாரைக் கண்டாலும் முதலில் ஓடிவரும் குட்டியாகவே பெரும்பாலும் இருக்கும். 3 வயதுக் குழந்தையின் கால்சட்டையைக் கவ்வும் விளையாட்டு முதல் நாள் சிரிப்பாகவும் பத்தாம் நாள் அழுகையாகவும் முடியும். ஒரு மூலையில் ஒடுங்கி வரவே வராத குட்டியையும் தவிர்ப்பது நல்லது. நின்று பார்த்துவிட்டுத் தானாக வருவதுதான் நடுவழி. இன்னொரு முறை வேறொரு நேரத்தில் போய்ப் பாருங்கள். அன்று அந்த ஆண்குட்டி உறங்கி எழுந்த வேகத்தில் இருந்திருக்கலாம், மற்றது வயிறு நிறைந்த மயக்கத்தில் இருந்திருக்கலாம்.

நிழல்தேடி:

குட்டிப் பருவத்தில் ஒரு நாள் பார்த்ததை வைத்து வளர்ந்த நாயின் குணத்தைக் கணிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வளர்ப்புச் சூழலுக்குத்தான் நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். நாய்க்குட்டிகள் மனிதரையும் உலகையும் அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை என்பதை ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 1965இல் வெளியிட்டார்கள். உங்களிடம் வரும்போது அதில் பாதிக்கு மேல் கழிந்திருக்கும். அந்த வீட்டில் குழந்தைகள் வந்துபோகிறார்களா, பாத்திரம் விழும் ஓசை, தொலைக்காட்சி எல்லாம் குட்டிகள் கேட்டு வளர்கின்றனவா என்று விசாரியுங்கள்.

தனித்தடம்:

எல்லோரும் குட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்லப் பொறுத்தருள்க. 3 வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்குக் குட்டியே தேவைதானா? எங்கள் மகளுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது காப்பகத்திலிருந்து 4 வயதுச் சிறிய கலப்பின நாயை எடுத்துவந்தோம். அது முன்பு குழந்தைகளோடு வாழ்ந்தது என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காது, பல் முளைக்கும் நமைச்சலில் கையைக் கடிக்காது, குணம் என்னவென்று கண்முன்னே தெரியும். குட்டி என்றால் ஒரே வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள்; அந்தச் சுமை உங்கள் மாமியாரின் இடுப்பில்தான் விழும். அவரிடம் கேட்டீர்களா?

மாடிவீடு:

கேட்கவில்லை. இதைப் படித்த அன்று இரவுதான் கேட்டேன். "எனக்கு நாயைப் பிடிக்கும், ஆனால் குனிந்து குனிந்து தரை துடைக்க முடியாது" என்றார். நியாயம்தானே. இரண்டு காப்பகங்களிலும் விசாரித்தோம். அப்போது அங்கிருந்த சிறிய நாய்கள் இரண்டுமே குழந்தைகளிடம் மிரளுபவை என்று அவர்களே சொன்னார்கள். ஆகவே குட்டிதான் என்று முடிவு செய்து, முதல் மூன்று வாரத்துக்கு நானும் மனைவியும் மாறி மாறி விடுப்பு எடுத்திருக்கிறோம். தரை துடைப்பது என் பொறுப்பு. மறுபடியும் ஒரு மாலை நேரத்தில் போய்ப் பார்த்தோம். ஆண்குட்டி அன்றும் அப்படியே இருந்தது. பெண்குட்டிக்கே முன்பதிவு செய்திருக்கிறோம். 10 வாரம் முடிந்த பிறகுதான் தருவேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

மகளுக்கு இப்போதே பயிற்சி நடக்கிறது. தரையில் சம்மணமிட்டு அமர்ந்தால்தான் பொம்மை நாய் மடிக்கு வரும், எழுந்தால் போய்விடும். நேற்று அவளே பாட்டியிடம், "நீங்களும் கீழே உட்காருங்க, அப்பதான் வரும்" என்று அதட்டினாள்.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் இரவு எப்படி?

ஓய்வில்_மருத்துவர்:

அழும்; எதிர்பார்த்திருங்கள். தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் படுத்த ஒரு துணியை அங்கிருந்து கேட்டு வாங்கி வாருங்கள். அங்கு உண்ட உணவையே முதல் வாரமும் கொடுங்கள், நாளுக்கு நான்கு வேளையாக. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் சிறுநீர் கழிக்க ஒதுக்கிய வழக்கமான மூலைக்குத் தூக்கிச் செல்லுங்கள். இரவில் ஒருமுறையோ இருமுறையோ நீங்களும் எழ வேண்டியிருக்கும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை வாங்குங்கள். சிறிய இனங்களின் மூச்சுக்குழல் இழுப்பைத் தாங்காது. திராட்சை, வெங்காயம், சாக்லேட், சர்க்கரையில்லா மிட்டாய்கள் ஆகியவற்றைப் பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்துக்கு இன்றே மாற்றிவிடுங்கள்; அந்த எடையில் சிறிதளவுகூட அதிகம். நாய் கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ "போதும்" என்று பொருள் என்பதை மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். 7 வயதில் அது நன்றாகவே புரியும். மகளையும் குட்டியையும் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

படுக்கைக் கூண்டைக் கூடத்தில் வைக்காமல் உங்கள் கட்டிலை ஒட்டி வையுங்கள். அழும்போது தூக்க வேண்டியதில்லை. கம்பிக்கிடையே விரலை நீட்டிக்கொண்டே படுத்திருங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு மெல்ல உறங்கிவிடும்.